வேப்பிலை கட்டிய ஓடக்காரி

முன்னொரு காலத்திலே, ஏழு ஆறுகள் ஓடும் வேங்கை நாட்டிலே, வடிவு என்று ஓர் ஓடக்காரி இருந்தாள். அரசனே ஏறினாலும், "நடுவுல உக்காருங்க ராசா, ஓடம் ஆடும்" என்று அதட்டுகிறவள்.

ஒருநாள் காலையில் அவளால் எழ முடியவில்லை. மார்பின்மேல் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. மாயக்கரடி ஐயா, அவள் கண்ணுக்கு மட்டுந்தான் தெரிந்தது. "எழாதே, எழுந்து என்ன ஆகப்போகிறது?" என்றது. தலைவார முடியவில்லை. உலைவைக்க முடியவில்லை. துடுப்பைப் பார்த்தாலே அழுகை வந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சோம்பேறி என்றது. திமிர் என்றது. கடைசியில் பேய் என்றது. அதைக் கேட்டதும் மலையிறங்கி வந்தான் மந்திரவாதி மாகாளன். கரடியை ஏவியவனே அவன்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பயல்! மிளகாய்ப் புகை போட்டான். தன் ஆள் உடையானை விட்டு அவளைச் சவுக்கால் அடிக்கவைத்தான். கரடி அசையவில்லை.

"பௌர்ணமிக்குள் இவள் ஓடம் விடாவிட்டால் என் குகையில் சங்கிலி போட்டுக் கட்டுவேன்" என்றான். அரசனும் தலையாட்டினான். அந்தக் குகைக்குப் போனவர் யாரும் திரும்பியதில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். செருகிவிட்டால் அரசாணைகூட வாசலைத் தாண்டாது. அக்கம்பக்கத்தார் கஞ்சி கொண்டுவந்து தர வேண்டும்.

பௌர்ணமியும் வந்தது. வடிவு பாயிலிருந்து புரண்டாள். "எழாதே" என்றது கரடி. தவழ்ந்தாள். "எழாதே" என்றது. கொல்லை வேப்பமரத்தைப் பிடித்தாள். "எழாதே!" என்று உறுமியது.

"நீ மேலயே இரு. நான் போறேன்" என்றாள் வடிவு.

கரடியையும் சுமந்துகொண்டே ஒரு கொத்து ஒடித்து வாசலில் செருகினாள்.

மாகாளன் வந்து பார்த்துச் சிரித்தான். "காய்ச்சல் உண்டா? கொப்புளம் உண்டா? இது என்னடி நோய்?"

"வலிக்கிறவ நான் சொல்றேன், இது நோய். உனக்கா வலிக்குது, பேய்னு சொல்ல?"

"உடையான், அந்த இலையைப் பிடுங்கி எறி."

உடையான் நகரவில்லை. சவுக்கைக் கீழே போட்டான். "சாமி, என் மேலயும் ரெண்டு வருசமா ஒண்ணு உக்காந்திருக்கு. பயந்துகிட்டு வெளிய சொல்லல." வடிவின் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்கள அடிச்ச கைதான் இது. ஆனாலும் எனக்கு ஒரு கொத்து தருவீங்களா?"

வடிவு உடனே தரவில்லை. அடிபட்ட முதுகு அல்லவா? ஆனாலும் ஒடித்துத் தந்தாள்.

அதைப் பார்த்து எதிர்வீட்டுக் கொல்லன் ஒரு கொத்துச் செருகினான். வாத்தியார் செருகினார். மாலைக்குள் அரண்மனை வாசலிலேயே வேப்பிலை தொங்கியது, அரசன் தன் கையாலே செருகியது. கரடிகளை மறைத்திருந்த மாயம் பொடிப்பொடியானது. ஊரார் கண்ணுக்கு எல்லாக் கரடிகளும் தெரிந்தன. சோம்பேறி என்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குகைச் சங்கிலிகள் தாமாக அறுந்தன. மாகாளன் தலைதெறிக்க ஓடினான்.

அரண்மனை வைத்தியர் மருந்து தந்தார், ஊர் கஞ்சி தந்தது. கரடி நாய்க்குட்டி அளவுக்குச் சுருங்கியது, வடிவு துடுப்பைப் பிடித்தாள். முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் மறுபடி வந்து ஏறும். அன்றைக்கு உடையான் ஓடம் தள்ளுவான்.

"வடிவு வரலியா?" என்று கேட்பார்கள்.

"உடம்புக்கு முடியல. ரெண்டு நாள்ல வந்துருவாங்க."

"சரி" என்று ஏறி நடுவில் உட்காருவார்கள். வேறு ஒரு கேள்வி கிடையாது. ஓடம் அக்கரை சேரும், கதையும் இத்தோடு கரை சேர்ந்தது.