கூட்டு

ஒரு தெருவில் இரண்டு மடங்கள் எதிரெதிராக இருந்தன. கிழக்குப் பார்த்த மடத்தின் பலகையில் 'ஆதி மடம்' என்று எழுதியிருந்தது. மேற்குப் பார்த்ததில் 'அசல் ஆதி மடம்'. இரண்டின் அடியிலும் ஒரே வரி, ஒரே பெயிண்டரின் கைவண்ணத்தில்: 'எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை.'

தெருக்கோடியில் ஒரு மனை காலியாகக் கிடந்தது. அதில் ஆடுகள் மேய்ந்தன.

பூரணியம்மாள் இரண்டு மடத்திலும் சேராதவர். இரண்டுக்கும் பொதுவான குருவிடம் பாடம் கேட்டவர். குரு போன பின்பு அதே தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். அவரைப் பார்க்க வருகிறவர்கள், பலகை இல்லாத வீடு எது என்று கேட்டு வருவார்கள்.

அவருடைய சீடர் தயாபரன் வயதில் அவரைவிட மூத்தவர். கம்ப்யூட்டர் வேலையில் தலை நரைத்தவர். அன்று காலை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"அம்மா, ஒண்ணு ரெண்டாகிறது தப்பா?"

"எது ரெண்டாகுது?"

"கடுகு."

"தாளிக்கிற கடுகா?"

"இல்லம்மா, காசு. கையில பிடிக்க முடியாது, கம்ப்யூட்டர்லதான் இருக்கும். கிரிப்டோம்பாங்க. நானும் அந்துவனும் சேர்ந்து உண்டாக்கினோம். அதுக்குக் கடுகுன்னு பேர் வச்சோம்."

"அந்துவன்னா, உங்களோட வந்து மோர் கேட்டுக் கேட்டுக் குடிச்சாரே, அவரா?"

"அவன்தான். இப்போ பேச்சுவார்த்தை இல்ல."

"என்ன சண்டை?"

தயாபரன் உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு அவர் பல ஊர்களில் மேடையேறிப் பதில் சொல்லியிருக்கிறார்.

"யாரு யாருக்குக் குடுத்தாங்கங்கிறதைக் கட்டுக் கட்டா எழுதி வைப்போம்மா. ஒரு கட்டுல இத்தனைதான் எழுதலாம்னு ஒரு அளவு உண்டு. அந்துவன் அந்தக் கட்டைப் பெரிசாக்கணும்கிறான். நிறைய பேர் வரட்டும்கிறான். நான் சின்னதாவே இருக்கட்டும்கிறேன். சின்னதா இருந்தாத்தான் சுத்தமா இருக்கும், ஏழைகூட வீட்டுல வச்சுச் சரிபார்க்கலாம்."

"ரெண்டு பேரும் நல்லதுதானே சொல்றீங்க."

"முதல் நாள் ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதின வாசகம், 'கடுகு எல்லாருக்கும்.' அந்த 'எல்லாருக்கும்'ங்கிறதுக்கு என்ன பொருள்னு அவனுக்குத் தெரியல."

"அவர் என்ன சொல்றார்?"

"எனக்குத்தான் தெரியலைங்கிறான்."

அவருடைய சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போட்டார்.

"யாரு?"

"பவளக்கொடின்னு ஒரு அம்மா. தையல் கடை வச்சிருக்காங்க. என் பேச்சைக் கேட்டுச் சேமிப்பையெல்லாம் கடுகா மாத்தி வச்சிருக்காங்க. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைச்சிருக்காம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஃபீஸ் கட்டலைன்னா இடம் போயிடுமாம். எடுக்க விடுங்கன்னு நேத்துலேருந்து போன் மேல போன்."

"எடுத்துக்கட்டுமே. அவங்களோடதுதானே."

"பிரியிற வரைக்கும் எல்லாப் பரிமாற்றத்தையும் நிறுத்தி வச்சிருக்கோம்மா. அது ஒண்ணுலதான் நானும் அந்துவனும் ஒத்துப்போனோம்."

"திறக்க முடியாதா?"

"என்னோட சாவி ஒண்ணே போதும். ஆனா இப்போ திறந்தா, தயாபரன் இறங்கி வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

பூரணியம்மாள் வாசல் பக்கம் பார்த்தார்.

"பிரிஞ்சு போறதுன்னா போகட்டும்மா. அவன் பக்கத்துக்கு 'அசல் கடுகு'ன்னு பேர் வைக்கிறானாம். எது அசல்னு நீங்களே சொல்லுங்க. எதுக்கு எதிர்காலம் இருக்கு?"

அம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தார். தயாபரனும் பின்னால் வந்தார்.

ஆதி மடத்து வாசலில் நான்கு பேர் விளக்குமாற்றோடு நின்று, குப்பை இல்லாத தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி தெருவைக் கடந்து எதிர்மடத்துக்குப் போனது. அங்கே மூன்றாவது மாடிக்கு ஜல்லி ஏறிக்கொண்டிருந்தது. கீழே, வரிசையில் நின்ற பக்தர்களின் காலடியில் எச்சில் இலைகள்.

"எங்க குரு கடைசியா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்," என்றார் அம்மாள். "'கூட்டு.'"

"அப்படின்னா?"

"அதான் சண்டை. மூத்த சீடர், விளக்குமாத்தால கூட்டுறதைத்தான் சொல்றார், மடத்தைச் சுத்தமா வச்சுக்கணும்னு கட்டளைன்னார். இளையவர், ஆளைக் கூட்டுன்னு சொல்றார், மடத்தை வளர்க்கணும்னு கட்டளைன்னார்."

"யாராவது தீர்த்து வச்சிருக்கலாமே."

"டவுன்லேருந்து ஒரு பண்டிதரை வரவழைச்சாங்க. அவர் நிகண்டையெல்லாம் புரட்டிட்டு, 'கூட்டு' என்றால் 'பெருக்கு'ன்னு தீர்ப்புச் சொன்னார்."

"அப்புறம்?"

"குப்பையைப் பெருக்குன்னு மூத்தவர் எடுத்துக்கிட்டார். கூட்டத்தைப் பெருக்குன்னு இளையவர் எடுத்துக்கிட்டார். ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டாங்க. பண்டிதருக்கு ரெண்டு சால்வை."

தயாபரன் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

"பண்டிதர் வந்தப்போ குரு உயிரோட இருந்தாரா?"

"இருந்தார். நடுவுல இன்னும் ரெண்டு தடவை அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் பயபக்தியோட எழுதிக்கிட்டாங்க."

"அவரையே கேட்டிருக்கலாமே அம்மா."

"கேட்டிருக்கலாம். அவருக்கு இலக்கணம் போதாதுன்னு நினைச்சாங்களோ என்னவோ."

எதிர்மடத்தில் யாரோ ஜல்லிக் கூடையைத் தவறவிட்டார்கள். ஆதி மடத்து நால்வரும் தலை நிமிர்ந்து, மனம் குளிர்ந்து, மறுபடியும் குனிந்தார்கள்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று தயாபரன் கேட்டார். "பெருக்குற பக்கமா, சேர்க்குற பக்கமா?"

"நான் இலை எடுத்தவ."

"எந்த இலை?"

"அவர் முன்னால போட்டிருந்த இலை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அது. வெறும் சோறு மட்டும் வச்சிருந்தது. பரிமாற வந்தவன் கரண்டியும் கையுமா விவாதத்துல நின்னுட்டான். நான் போய் எடுக்கும்போது சோறு காய்ஞ்சிருந்தது. அவர் கை அது மேலயே இருந்தது."

தயாபரன் ஆதி மடத்தைப் பார்த்தார். அசல் ஆதி மடத்தைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. அவர் உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டார். அம்மாள் அந்தக் கையையே பார்த்தார். கைபேசி அதிர்ந்தது, அதிர்ந்தது, நின்றது.

தயாபரன் தலை நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

"அம்மா, அவர் கேட்டது என்ன கூட்டு? பூசணிக்காய்க் கூட்டா, புடலங்காய்க் கூட்டா?"

பூரணியம்மாள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த பக்கம் திரும்பினார்.

"மூணாவது மடத்துக்கு, தெருக்கோடியில ஒரு மனை காலியா இருக்கு," என்றார்.