மரங்கொத்தி கேட்ட புகார் இலை

ஏரிக்கரை மருத மரத்தில் விலங்குகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. முள் எடுப்பதும் சீழ் கீறுவதும் மரங்கொத்தியின் வேலை. அந்த மரத்துப் பொந்துதான் அதற்குக் குவார்ட்டர்ஸ். உள்ளே இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். வேலை இருக்கும் வரைதான் பொந்து.

அன்று விடிந்ததிலிருந்து பதினோரு குளம்பு பார்த்தாயிற்று. கழுத்து விண்விண் என்று தெறித்தது. அந்த நேரம் பார்த்து மைனா வந்து உட்கார்ந்தது. மைனாவும் அங்கே டாக்டர்தான்; மாட்டு உண்ணி பிடுங்குவதில் கெட்டிக்காரி. அது ஒரு புங்க இலையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது.

“அக்கா, சாப்பிட்டீங்களா?”

“எங்கே சாப்பிட? என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லே. போன வாரம் ஒரு மான்குட்டிக்கு முள் எடுத்தீங்களே, அதுக்குக் கால் வீங்கிப் போச்சாம். புகார் வந்திருக்கு. ஆமை ஐயா, கொக்கு சார், நான், மூணு பேரும் விசாரிக்கணுமாம்.”

மரங்கொத்தி சட்டென்று நிமிர்ந்தது. “குட்டி பிழைச்சுக்குமா?”

“பிழைச்சுக்கும். கொஞ்ச நாள் நொண்டும். அதை விடுங்க! நமக்குள்ளே எதுக்கு விசாரணை, அசிங்கம்? ‘நானாகவே விலகுகிறேன்’னு இந்த இலையிலே கையெழுத்தா ஒரே ஒரு கொத்து. பேரும் கெடாது.”

“என் குஞ்சுகள்?”

“மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கே, அக்கா!”

மரங்கொத்தி அலகைத் தூக்கியது. ஒரு கொத்துதானே! கொத்திவிட்டுத் தூங்கலாம். முள்ளின் நுனியை உள்ளேயே விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வேறு அரித்தது. அந்தச் சந்தேகம்தான் அலகை நிறுத்தியது.

“புகாரைக் காட்டு.”

“அது எதுக்கு?”

“எங்கே வலிக்குதுன்னு கேட்காம நான் யாரையும் கொத்தினதில்லே. என்னை மட்டும் கேட்காம கொத்தலாமா?”

“விசாரணையிலே தோத்தா எந்தக் காட்டிலேயும் வேலை கிடைக்காது, பார்த்துக்குங்க!”

“தப்பு என்மேலேன்னா அதையும் நான் தெரிஞ்சுக்கணும். நாளைக்கு இன்னொரு குட்டி வருமே!”

விசாரணைக்கு ஆஸ்பத்திரித் தலைவர் ஆமை வந்தது. கொக்கும் வந்தது. மரத்தடியில் செதுக்கியிருந்த ஆஸ்பத்திரி விதிகளின் மேல் பாசி படர்ந்திருந்தது. மரங்கொத்தி அதைச் சுரண்டியது.

“படிங்க, ஐயா.”

ஆமை மெல்லப் படித்தது. புகாரை இலையில் எழுதித் தர வேண்டும். பதில் சொல்ல நான்கு நாள் தர வேண்டும். சாட்சியைக் கேள்வி கேட்க விட வேண்டும். ஒருவர் போவதால் ஆதாயம் அடைகிறவர் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது.

“முப்பது வருஷமா தலைவரா இருக்கேன். இதையெல்லாம் ஒருத்தரும் கேட்டதில்லையே!” என்றது ஆமை. “சரி, இதிலே ஆதாயம் யாருக்கு?”

“மைனா இந்தப் பொந்துக்கு மனு போட்டு ஆறு மாசமாச்சே! சீக்கிரம் முடிங்க, எனக்கு ஓ.பி. இருக்கு!” என்றது கொக்கு.

மைனா விசாரணைக் குழுவை விட்டு விலகி ஓரமாக உட்கார்ந்தது.

புகார் இலை கிடைத்த பிறகு நான்கு நாளும் மரங்கொத்திக்கு இரை இறங்கவில்லை. ஐந்தாம் நாள் குட்டியோடு தாய்மான் வந்தது.

“எடுத்த முள்ளை உன்கிட்டே காட்டினேனா, அம்மா?”

“காட்டினீங்க. நுனியோட முழுசா இருந்துது.”

“பச்சிலைக் கட்டு ஏழு நாள் இருக்கணும்னு சொன்னேனா?”

“சொன்னீங்க. மூணாம் நாள் நீங்க இல்லே. மைனா டாக்டரம்மாதான் வந்து, காத்துப் படட்டும்னு கட்டைப் பிரிச்சு விட்டாங்க. அப்புறம்தான் வீங்குச்சு.”

“புகாரிலே இது இல்லையே!” என்றது ஆமை.

“என்னை யாரு கேட்டாங்க? கால் வீங்கியிருக்குன்னு சொன்னேன். மிச்சத்தை மைனா டாக்டரம்மாவே எழுதிக்கிட்டாங்க!”

மரங்கொத்தி மேல் குற்றமில்லை என்று ஆமையும் கொக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு ஆமை மைனாவின் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

“ஐயோ! உடனே அனுப்பிடாதீங்க! எனக்கும் நாலு நாள் வேணும்!” என்று மைனா கத்தியது.

எல்லோரும் மரங்கொத்தியைப் பார்த்தார்கள். அதற்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“கொடுங்க, ஐயா. விதி அவளுக்கும் சேர்த்துத்தானே!” என்றது. பிறகு மான்குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. “எங்கே, காலை நீட்டு, கண்ணு.”

குற்றம் என்னவென்று கேட்டுத் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையை எவ்வளவு களைப்பிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நமக்குப் பிடிக்காதவருக்கும் அதை மறுக்கக் கூடாது.