வலிக்காத கண்

தலை வலிக்கவில்லை என்று பயந்துபோய் ஒரு பெண் தன் ஆசிரியரைத் தேடிப் போனாள்.

பெயர் பொற்கொடி. வயது நாற்பத்தெட்டு. ஒரே இடத்தை விமானத்திலிருந்து இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களை முப்பரிமாணத் திரையில் பார்த்து, மேடு பள்ளங்களைக் கோடுகளாக வரைவது அவள் வேலை. அதற்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் திரையிலிருந்து மரமும் மாடியும் எழுந்து நிற்கும். அந்த வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்த மதலைமுத்து ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருந்தார்.

அவள் போனபோது அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“வா, பொற்கொடி. ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ் முகத்தோடதான் வர்றே.”

“சார், நாளைக்கு என் இடத்தைத் தமிழினிக்கு விட்டுக்கொடுத்துடலாம்னு இருக்கேன்.”

“யாரு, புதுசா வந்த பொண்ணா? ஏன்?”

“ஊசியில நூல் கோக்க முடியலை. மாத்திரை அட்டையில எழுத்து தெரியலை. அதுகூடப் பரவாயில்லை சார். சாயங்காலம் தலையே வலிக்கிறதில்லை.”

“நல்லதுதானே?”

“ஆபீஸ்ல சின்னப் பிள்ளைங்க எல்லாம் தினமும் நெத்தியில தைலத்தோட உட்கார்ந்திருக்குது. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லை. என் கண்ணு மேடு பள்ளத்தையே பார்க்கலையோ என்னவோ. நான் வரையறது வெள்ளம் எங்கே ஏறும்னு காட்டற படம். ஒரு அடி தப்பினா யார் வீட்டுக்குள்ள தண்ணி போகுமோ!”

மதலைமுத்து பம்பைச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய், படங்களின் மேல் நிறுத்திப் பார்க்கிற, கால் வைத்த இரட்டை லென்சையும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அவளுக்குத் தெரிந்த படங்கள்தாம். அவள் வேலை பழகிய படங்கள்.

குனிந்து பார்த்தாள். முதலில் இரண்டும் தட்டையாகத் தெரிந்தன. பிறகு மெல்ல நகர்ந்து ஒன்றாயின. ஏரி கீழே இறங்கியது. பனைவரிசை எழுந்து நின்றது. சுண்ணாம்புக் காளவாயின் புகைபோக்கி முகத்தருகே வந்தது. இப்போது அங்கே பேருந்து நிலையம். அந்தக் காலத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும், யாருக்கும் தெரியாமல், கண்ணாலேயே அந்த ஏரிக்கரைமேல் ஒரு நடை போய்வருவாள். இன்றும் போனாள்.

“புகைபோக்கி உயரமா, பக்கத்துப் பனையா?”

“பனை. ஓர் ஆள் உயரம் கூட.”

“வேலைக்கு வந்த புதுசுல இதையேதான் சொன்னே. நம்பாம நேர்ல போய் அளந்தேன். சரியாத்தான் இருந்துச்சு.”

அவள் நிமிர்ந்தபோது பக்கத்தில் வைத்திருந்த காப்பியில் ஆடை படிந்திருந்தது.

“அப்ப முன்னெல்லாம் எனக்கு வந்த வலி எங்கே போச்சு சார்?”

“திரையில மரம் எழுந்தா ரெண்டு கண்ணும் அதைப் பிடிக்கத் திரும்பும். கண்ணுக்குள்ள இருக்கிற லென்சும் கூடவே ஓடும். ஆனா படம் திரையிலதானே இருக்கு? உடனே திரும்பி ஓடி வரணும். நாள் பூரா இந்த ஓட்டம்தான். சின்ன வயசு லென்ஸ் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. யார் கூப்பிட்டாலும் ஓடும்.”

“இப்ப?”

“இப்ப அது கல்யாண வீட்டுப் பெரியப்பா. நாற்காலி போட்ட இடத்தை விட்டு எழுந்திருக்காது. ஓட்டமில்லை, வலியுமில்லை. நீ நாற்காலியைச் சரியாப் போடு. திரை இருக்கிற தூரத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கு.”

பொற்கொடி சிரித்துவிட்டாள். “சரி சார், இடத்தை விடலை” என்றாள். பிறகும் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் என்ன?”

“வலிக்காம வேலை பார்த்துட்டு வீட்டுக்குப் போறப்ப, யாரையோ ஏமாத்திட்டுப் போற மாதிரி இருக்கு.”

“வலிச்சாத்தான் வேலைன்னு உனக்கு யார் சொன்னா?”

“நீங்கதான் சார். முதல் நாளே.”

மதலைமுத்து லென்சைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“அப்ப எனக்கும் கண்ணு இளசும்மா.”