யாரும் வராத முள்ளிக்குறிச்சி

கொம்பையூரை ஆண்ட திருமேனி ராஜாவுக்கு ஒரு மழைக்காலத்தில் ஊர்ப்பெருமை எழுதும் ஆசை வந்தது. தன் ஆட்சியில் இருக்கும் அறுபத்து நான்கு ஊர்களிலும் யார் வந்து போனார்கள், எங்கே சண்டை நடந்தது, பார்க்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக்க வேண்டும். அரண்மனையில் எழுத்து வேலை பார்த்த சிவந்தியப்பனைக் கூப்பிட்டு, போய் எழுதி வா என்று அனுப்பிவிட்டார்.

சிவந்தியப்பன் போன இடமெல்லாம் பெருமை கொட்டிக் கிடந்தது. பாறையில் சின்னப் பள்ளம் இருந்தால் அது பீமன் கால் வைத்த இடம். குளம் இருந்தால் அதில் ஓர் இளவரசி விழுந்திருந்தாள். குளமே இல்லாத ஊரில் கிணற்றில் விழுந்திருந்தாள். ராஜாவின் தாத்தா புலி கொன்ற இடம் மட்டும் பத்தொன்பது தேறியது.

கடைசியாகப் போனது முள்ளிக்குறிச்சி. இருபது வீடு, ஒரு குட்டை, ஒரு பாறை. மிச்சமெல்லாம் கொள்ளுக்காடு. ஊருக்குத் தலைவி காத்தாயி. இங்கே யார் யார் வந்தார்கள் என்று கேட்டதற்கு, யாரும் வரவில்லை என்றாள். சண்டை ஏதாவது? ரெண்டு படை வந்ததாம், பாதை சரியில்லை என்று சுற்றிக்கொண்டு போய்விட்டதாம். குட்டையில் யாராவது விழுந்தார்களா? ஓர் எருமை விழுந்தது, அதுவும் தானே ஏறி வந்துவிட்டது என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சபையில் இதை வாசித்தபோது, படைத்தலைவரான தளவாய் வீரபாகு எழுந்தார். தன் குதிரைகளுக்கு அந்தக் கொள்ளுக்காடு வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை. வரலாறு இல்லாதது ஊரே இல்லை, ரெண்டு ஊருக்கு நடுவில் இருக்கிற இடைவெளி என்றார். ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. மற்ற அறுபத்து மூன்று ஊர்களிலும் இல்லாத ஒன்று அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொங்கலுக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"இருக்கிறது மகாராஜா. நேரில் வந்தால் காட்டுகிறேன்" என்றார் சிவந்தியப்பன்.

"வருகிறேன். பொய்யாக இருந்தால் அவர்களோடு நீயும் மூட்டை கட்டு" என்றார் ராஜா.

பாதையில் பல்லக்கு போகவில்லை. ராஜா இறங்கி நடந்தார். ஊர்க்காரர்கள் சட்டிபானையை வாசலில் கட்டி வைத்துவிட்டு நின்றார்கள். சிவந்தியப்பன் மட்டும் கோயில் சுற்றிக்காட்டுகிறவரைப் போல முன்னால் நடந்தார்.

இது எந்த முனிவரும் தவம் செய்யாத பாறை என்றார். இது எந்த இளவரசியும் விழாத குட்டை என்றார். இது போர் நடக்காத மைதானம் என்று கையை அகல விரித்துக் காட்டினார்.

ராஜா சுற்றிலும் பார்த்தார். "எங்கள் தாத்தா இங்கே புலி..."

"எலிகூடக் கொல்லவில்லை மகாராஜா. அறுபத்து மூன்று ஊரிலும் யாராவது வந்திருக்கிறார்கள். யாருமே வராத ஊர் இது ஒன்றுதான். வேறெங்கும் இல்லாத சிறப்பு."

தளவாய் பாய்ந்து வந்தார். இப்போதுதான் மகாராஜாவே வந்துவிட்டாரே, அந்தச் சிறப்பும் போயிற்று, ஊரைக் காலி செய்யலாம் என்றார்.

சிவந்தியப்பன் தலையாட்டினார். "சரிதான். அப்படியானால் இது மகாராஜா நடந்து வந்த ஒரே ஊர். மற்ற ஊருக்கெல்லாம் பல்லக்கில்தானே போனார்? அவர் பாதம் பட்ட மண்ணில் தளவாய் குதிரை கட்டப்போகிறார்."

தளவாய்க்கு வியர்த்துவிட்டது. "ஐயையோ, மகாராஜா இங்கே வரவே இல்லை" என்றார், ராஜாவின் முகத்துக்கு நேரே.

"வரவில்லையென்றால் இன்னும் இது யாரும் வராத ஊர்தான்" என்றார் சிவந்தியப்பன்.

ராஜா தளவாயைப் பார்த்தார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார். சால்வையைக் கழற்றிச் சிவந்தியப்பனுக்குப் போர்த்தினார். ஊர் ஊராகவே இருக்கட்டும் என்றார். வாசலில் இருந்த மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார். சிரிப்பு அடங்கிய பிறகு காத்தாயியிடம் கேட்டார்: "நான் வந்தேன் என்று எழுதட்டுமா, வரவில்லை என்று எழுதட்டுமா?"

காத்தாயி கையைக் கூப்பினாள். "வரலைன்னே எழுதுங்க சாமி. வந்தீங்கன்னு எழுதினா, நீங்க உக்காந்த பாறையைப் பாக்கக் கூட்டம் வரும். அத்தனை பேருக்குக் கூழ் ஊத்த எங்களால ஆகாது."

அந்தப் புத்தகத்தின் கடைசி ஏட்டில் ராஜா தன் கையாலேயே எழுதி முத்திரை வைத்தார்:

"முள்ளிக்குறிச்சி. இவ்வூருக்கு இதுவரை எவரும் வந்ததில்லை. இதை யாம் நேரில் சென்று கண்டோம்."