சேற்றில் புரண்ட வெள்ளைக் கௌதாரி

வடக்கே வெகு தூரத்தில், மரங்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத ஒரு காட்டில், முத்தழகன் என்றொரு கௌதாரிச் சேவல் வாழ்ந்தான்.

பனிக்காலத்தில் அவன் உடம்பெல்லாம் வெள்ளை. கால்விரல்களில்கூட இறகு மூடியிருக்கும். குளிர் தாங்காவிட்டால் பனிக்குள் குழி பறித்துப் படுத்துக்கொள்வான். பக்கத்தில் போய் நின்றாலும் பனி எது, பறவை எது என்று சொல்ல முடியாது.

பிறகு வெயில் வந்தது, பனி உருகியது. அவன் மனைவி செம்பி வெள்ளை இறகுகளை உதிர்த்துத் தவிட்டு நிறத்துக்கு மாறினாள். தரையில் ஒரு சிறு பள்ளம் பார்த்து, ஏழு முட்டை இட்டு, அடைகாக்க உட்கார்ந்தாள். கல்லும் பாசியுமான அந்த நிலத்தில் அவளும் ஒரு கல் போலத்தான் தெரிந்தாள்.

சேவல்களுக்குப் புது இறகு வரத் தாமதமாகும். அதுவரை சேற்றில் புரண்டு வெள்ளையை மறைப்பது அந்தக் கூட்டத்து வழக்கம். முத்தழகனோ இறகைக் கோதிவிட்டு, கூட்டுக்குப் பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்றான்.

"ஏங்க, எல்லாரும் புரண்டாச்சு. நீங்களும் ஒரு புரள் புரண்டுட்டு வாங்களேன்" என்றாள் செம்பி.

"இந்த வெள்ளையைப் பார்த்துத்தானே என்னைக் கட்டிக்கிட்டே?"

"கட்டிக்கிட்டாச்சு, முட்டையும் வெச்சாச்சு. இனிமே யாருக்குக் காட்டணும்? நரிக்கா?"

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றான் முத்தழகன்.

அன்று மத்தியானமே நரி வந்தது. அதுவும் பனிக்காலத்து வெள்ளை ரோமத்தை உதிர்த்துப் பழுப்பாகியிருந்ததால், பாறையடிக்கு வரும்வரை அவன் கண்ணில் படவில்லை.

"அடேயப்பா! ரெண்டு மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே பளிச்சுன்னு தெரிஞ்சீங்க மாப்பிள்ளை!"

முத்தழகன் நெஞ்சை நிமிர்த்தினான். "தெரியாம இருக்குமா?"

"சேவல் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் வீட்டுக்காரம்மா இருப்பாங்க. எனக்குத் தேடுற வேலை மிச்சம்" என்ற நரி, தரையை மோப்பம் பிடிக்கத் தொடங்கியது.

செம்பி அசையவில்லை. நரியின் மூக்குக்கும் அவளுக்கும் நடுவே மூன்றடிதான் இருந்தது.

முத்தழகன் பாறையிலிருந்து குதித்தான். சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாக நொண்டி நொண்டி ஓடினான்.

"ஆகா, கண்ணெதிரே விருந்து ஓடுதே!" என்று நரி பின்னாலேயே பாய்ந்தது.

புதருக்குள் நுழைந்தாலும் தெரிந்தான். பள்ளத்தில் பதுங்கினாலும் தெரிந்தான். நரியின் பல்லில் சிக்கி வால் இறகுகள் பிய்ந்தன. வலியோடு பறந்து ஒரு மேட்டைத் தாண்டினான். கீழே கருஞ்சேறு. கண்ணை மூடிக்கொண்டு அதில் விழுந்து புரண்டு, மண்கட்டி போல் அப்படியே கிடந்தான்.

நரி மேடேறிப் பார்த்தது. வெள்ளையாக எதுவும் இல்லை. சரி, கூட்டையாவது தேடலாம் என்று திரும்பினால், எந்தப் பாறை என்று காட்ட அங்கேயும் வெள்ளையாக எதுவும் நிற்கவில்லை. வாயில் ஒட்டிய இறகைத் துப்பிவிட்டு நடையைக் கட்டியது.

சாயங்காலம் முத்தழகன் மெல்ல வீடு வந்து சேர்ந்தான்.

"யாரது?"

"நான்தான்."

"வால் எங்கே?"

"நரி கேட்டுச்சு, கொடுத்துட்டேன்."

செம்பி சிரித்த சிரிப்பில் அடியிலிருந்த ஏழு முட்டையும் குலுங்கின. "கழுத்துக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் வெள்ளை தெரியுதுங்க" என்றாள்.

முத்தழகன் அப்போதே சேற்றைப் பார்த்து நடந்தான்.

நீதி: பெருமை சேர்த்த கோலமே ஆபத்தாக மாறினால், அதை அன்றே விட்டுவிட வேண்டும்.