ஏழாவது ஆள் வரும்வரை

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைங்க தாயி. ஊருதான் விடமாட்டேங்குது."

விடிந்தும் விடியாத நேரத்தில் மலையேறி வந்து இப்படிச் சொன்னார் பொங்கியண்ணன். ஊரின் ஒரே பரிசல்காரர். ஐம்பது தாண்டியவர்.

கேட்டுக்கொண்டிருந்த மலையம்மாவுக்கு முப்பதுகூட இருக்காது. ஆனாலும் துறவி. மனசில் பாரம் என்றால் சுற்றுவட்டாரமே அவளிடம்தான் வரும்.

பாவாயியின் மகளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். பாவாயிக்குப் பரிசல் கிடையாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டிருந்தது. யாரும் அவளோடு பேசவும் கூடாது. ஆற்று மணலைத் திருடியவர்களின் பெயரை அதிகாரியிடம் சொன்னதுதான் அவள் செய்த குற்றம்.

மறுப்பு இருப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று கூட்டத்தில் கேட்டார்களாம். யாரும் எழவில்லையாம்.

"நீங்க?"

"பக்கத்துல இருந்தவங்களைப் பாத்தேன். அவங்க என்னைப் பாத்தாங்க."

"பரிசல் யாருது?"

"என்னுதுதாங்க."

"அப்புறம் என்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?"

தனியாகத் துடுப்பைத் தொட்டால் நாளைக்குத் தன் வீட்டுக்கும் இதே கதிதான் என்றார். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் நிற்கிறார்கள் என்றார்.

மலையம்மா கொஞ்சம் யோசித்தாள். குடிசையின் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னாள்.

"இன்னும் வருவாங்கண்ணா. சேர்ந்து போனா யாரு உங்களை என்ன பண்ண முடியும்?"

அவர் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் வஞ்சியம்மாளின் குரல் கேட்டது. பால்காரி. தனக்கு ஒன்றுமில்லை, ஊர்தான் விடாது என்றாள். பொங்கியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவளும் தடுப்புக்குப் பின்னால் அனுப்பப்பட்டாள். அவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெயில் ஏற ஏற ஒவ்வொருவராக வந்தார்கள். மளிகைக்கடைக்காரர். தையல்காரர். இன்னும் இரண்டு பேர். வேறு வேறு பாதையில், யார் கண்ணிலும் படாமல். வந்தவர் எல்லோரும் சொன்னது அதே இரண்டு வாக்கியம்.

ஏழாவதாக வந்தவர் கோயில் பூசாரி. கூட்டத்தில் கட்டுப்பாட்டை உரக்க வாசித்தவரே அவர்தான்.

மலையம்மா தடுப்பை விலக்கினாள்.

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்கதானே அன்னைக்கு முதல் வரிசையில உக்காந்து தலையை ஆட்டுனீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள் வஞ்சியம்மாள்.

"நீ ஆட்டுறேன்னுதான் நான் ஆட்டுனேன்," என்றார் கடைக்காரர்.

பூசாரி, தனக்கு அன்றைக்கு நாக்கே எழவில்லை என்றார். அந்த நாக்கு ஊருக்கே கேட்டதே என்றார் தையல்காரர். சிரிப்பு வந்தது. மலையம்மாவும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இப்படி மூச்சு விட்டு என்றார் பொங்கியண்ணன்.

ஏழு வீடு ஒன்றாக நின்றால் ஊர் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லோருமாக இறங்கினார்கள். பாதி வழியில் நடை ஓட்டமானது. மலையம்மாவும் கூடவே வந்தாள்.

துறையில், கவிழ்த்துப் போட்ட பரிசலுக்குப் பக்கத்தில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

பொங்கியண்ணன் பரிசலைப் புரட்டித் தண்ணீரில் தள்ளினார். துடுப்பை எடுத்தார். ஏறச் சொல்லிக் கையை நீட்டினார்.

பாவாயி எழவில்லை.

வஞ்சியம்மாள் குனிந்து தலைப்பை விலக்கினாள். மறுபடி மூடினாள்.

பரிசல் தானாகக் கரையை உரசிக்கொண்டிருந்தது.

"விடியறப்பவே கிளம்பிட்டேன் பாவாயி," என்றார் பொங்கியண்ணன். "தாயிகிட்ட கேட்டுப் பாரு. முதல்ல போனது நான்தான்."

பாவாயி அவரைப் பார்க்கவில்லை. மலையம்மாவைப் பார்த்தாள்.

"விடியறப்ப பேசிட்டுத்தான் இருந்தா," என்றாள். "பரிசல்காரரு எங்கேம்மான்னு கேட்டா."