குட்டைக்கரைப் படம்

கோடை வந்தால் ஒரே ஒரு குட்டை மட்டும் வற்றாமல் கிடக்கும் ஒரு காட்டில், முள்ளன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. உதிர்ந்த முள்ளைச் செம்மண் குழம்பில் தோய்த்துப் பாறையில் படம் போடும். நன்றாகவே போடும். அதைக் காடெல்லாம் சொல்லிக்கொண்டும் திரியும்.

கரையில் நின்றுதான் குடிக்க வேண்டும், குட்டைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கால் வைத்தால் சேறு கலங்கிவிடும். அந்த வருஷம் யாரும் அதை மதிக்கவில்லை. மான் இறங்கியது. கரடி இறங்கியது. காட்டுப்பன்றி இறங்கிப் புரண்டே விட்டது.

படம் போட்டு இதை நிறுத்திக் காட்டுகிறேன் என்று முள்ளன் கிளம்பியது. முதலில் வாயைப் பிளந்த புலி. இரண்டு நாள் எல்லாம் பயந்தன. மூன்றாம் நாள் குரங்கு போய் அந்தப் புலியின் மூக்கில் சாய்ந்துகொண்டு பேன் பார்த்தது.

முள்ளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து காட்டுப்பன்றியையே வரைந்தது. தொந்தி, சேறு வழியும் மூஞ்சி, அசட்டுச் சிரிப்பு, எல்லாம் அச்சு அசல்.

காடே கூடிச் சிரித்தது. கரடி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. படத்தில் இருப்பது பன்றிதானே, நமக்கென்ன என்று மானும் இறங்கியது. பாராட்டில் மிதந்த முள்ளனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

மறுநாள் பன்றி தண்ணீருக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

என்னதான் ஆயிற்று என்று முள்ளன் அதன் புதருக்குப் போனது. மூன்று குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. ஒன்று ஏதோ வேரைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா தண்ணிக்கு வரலை?"

"என்னைப் பார்த்துச் சிரிச்சாப் பரவாயில்லை. இதுங்களையும் பார்த்துச் சிரிக்குதுங்க."

"நீங்க புரண்டது தப்புதானே?"

"தப்புதான். புரண்டேன்" என்றது பன்றி. "நீ படம் போட்டுட்டு முள்ளையெல்லாம் எங்கே கழுவினே?"

முள்ளன் குட்டைக்குள் இறங்கித்தான் கழுவியிருந்தது. இரண்டு தடவையும். நாள் முழுக்கத் தண்ணீர் சிவந்து கிடந்தது. இது யார் வேலை என்று குரங்கு கேட்டதற்கு, வேறு யார், பன்றிதான் என்று சொன்னதும் முள்ளனேதான்.

எப்போதும் சிலிர்த்துக்கொண்டு நடக்கிற பிராணி, அன்று அத்தனை முள்ளும் படிந்துபோய்த் திரும்பி வந்தது. பன்றியின் படத்தை மணல் போட்டுத் தேய்த்தது. பாதம் எரிய எரியத் தேய்த்தது. வேடிக்கை பார்க்க வந்தவற்றிடம், தண்ணீரைச் சிவப்பாக்கியது நான்தான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"அப்ப உன் மூஞ்சியை வரையேன்" என்றது குரங்கு.

"வரைஞ்சா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே நீங்க தண்ணிக்குள்ள இறங்குவீங்க."

பிறகு முள்ளன் கரையோரக் கற்களில் வெறும் கால் தடங்களை வரைந்தது. மானுக்கு மான் குளம்பு, கரடிக்குக் கரடிப் பாதம், பன்றிக்கும் குட்டிகளுக்கும் பெரிதும் சிறிதுமாக. எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி. முகம் ஒன்றுகூட இல்லை. முள்ளை இந்தத் தடவை தூரத்துப் பாறைக்குழியில் கழுவியது.

காலையில் மான் வந்து, அளவு சரியா என்று தடத்தில் காலை வைத்துப் பார்த்தது. சரியாகப் பொருந்தியது. அங்கேயே நின்று குடித்தது. கரடியும் தன் கல்லைத் தேடிப் போய் நின்றது. யாரும் யாரையும் அதட்டவில்லை. குட்டையின் அடி தெரிந்தது.

வெயில் ஏறியபின் பன்றி குட்டிகளோடு வந்தது. முள்ளன் ஓடிப்போய் எதிரே நின்று, மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடித் தடுமாறியது.

"அப்புறம் பேசு. தள்ளி நில்லு" என்றது பன்றி. "குட்டிங்க நிக்கிற இடத்துல நிக்கிறே."

முள்ளன் தலை குனிந்தபடி விலகியது. குட்டிகள் குடிக்கத் தொடங்கின.

நீதி: தப்புச் செய்தவரின் முகத்தைக் காட்டினால் ஊர் சிரிக்கும், நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினால் ஊர் திருந்தும்.